வாங்குபவர் ஒருவர், தொடுபவர் வேறொருவர்

2003இல் சந்தைக்கு வந்த நோக்கியா 1100 கைபேசியின் உச்சியில் ஒரு சின்ன டார்ச் இருந்தது. பொத்தான்களுக்கு நடுவே தூசி புகாதபடி முகப்பை மூடியிருந்தார்கள். வியர்த்த கையிலும் நழுவாதபடி பக்கங்களில் சொரசொரப்பு வைத்திருந்தார்கள். மின்வெட்டும் புழுதியும் புழுக்கமும் உள்ள ஊர்களில் மனிதர்கள் கைபேசியை எப்படிப் பிடிக்கிறார்கள், எங்கே செருகுகிறார்கள், இருட்டில் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று யோசித்துச் செய்த பொருள் அது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. மூன்றாண்டு கழித்து, 2006இல், அதே நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது.

அந்த டார்ச்சிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. கைபேசியை வாங்கப்போகிறவரின் கை வியர்க்குமே என்று யோசித்த துறை, கைபேசியைப் பூட்டுகிறவரின் விரலில் உறை இருக்குமே என்று யோசித்ததுண்டா?

துறையின் பெயர் பயனர் அனுபவ வடிவமைப்பு. பெங்களூரிலும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பிழைப்பு. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையும், தெற்கே வல்லம் வடகால், ஒரகடம் வரையும் நீளும் தொழில் வட்டாரத்தில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தத் துறையின் விளைவுகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். 1996இல் ஹூண்டாய் வந்தது. 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், பின்னர் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். காரும் லாரியும் புல்லட்டும் டிவியும் ஐபோனும் இங்கிருந்து கிளம்புகின்றன.

இவற்றைச் செய்கிற ஒருவர் ஒரு ஷிப்டில் எத்தனை திரைகளைத் தொடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். கேட்டில் முகம் பார்க்கும் வருகைக் கருவி. லைனில் இயந்திரத்தின் திரை. பார்கோடு படிக்கும் கைக்கருவி. விடுப்புக்கும் சம்பளச் சீட்டுக்கும் ஒரு செயலி. வருங்கால வைப்பு நிதிக்கு ஒரு தளம். இவற்றில் ஒன்றைக்கூட அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பிடிக்காத கைபேசியை மாற்றலாம், பிடிக்காத செயலியை அழிக்கலாம். பிடிக்காத இயந்திரத் திரையை என்ன செய்வது? நுகர்பொருளைத் திருத்துவது வாடிக்கையாளர் போய்விடுவாரே என்ற பயம். ஆலையில் வாங்குபவர் ஒருவர், தொடுபவர் வேறொருவர். அந்தப் பயம் அங்கே வேலை செய்வதில்லை. இந்த வட்டாரத்தின் பயனர் அனுபவச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு பிளவைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேலையிடத்தில் பிறந்த துறை

இந்தத் துறையின் தொடக்கம் கடைவீதியில் இல்லை, வேலையிடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்தன. விமானி இறக்கை மடிப்பை இழுக்க நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடுகிறார் என்று தெரிந்தது. விமானிகள் கவனமற்றவர்கள் என்று முடிவுகட்டாமல், அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியின் இருக்கையருகே போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான விசையில் சக்கர வடிவக் குமிழும், மடிப்புக்கானதில் இறக்கை வடிவக் குமிழும் பொருத்தச் சொன்னார். கண் பார்க்காமலேயே கை அறிந்துகொண்டது. 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும், விமானியின் தவறு என்று பதிவான 460 நிகழ்வுகளை அலசி, பலவும் விசைகளின் அமைப்பு வரவழைத்த தவறுகள் என்று காட்டினார்கள். இலக்கு சின்னதாகவும் தொலைவாகவும் இருந்தால் கை போய்ச்சேர நேரமாகும் என்பதை 1954இல் அதே ஃபிட்ஸ் கணக்காகவே எழுதினார். இன்றைய கைபேசிப் பொத்தானின் அளவு வரை அந்தக் கணக்குதான் ஆள்கிறது.

பயனர் அனுபவம் என்ற சொல் பரவியது வெகு பின்னால். 1993இல் ஆப்பிளில் சேர்ந்த டொனால்ட் நார்மன் தன் பதவிப் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டார். சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 9241 வரிசை, பயன்பாட்டுத் தகுதியை மூன்று அளவுகளால் நிறுக்கச் சொல்கிறது: நினைத்தது முடிந்ததா, எவ்வளவு உழைப்பில் முடிந்தது, மனநிறைவு இருந்ததா. பயனரைத் தெரிந்துகொள், மாதிரி செய், அவரிடமே சோதி, திருத்து, மறுபடி சோதி என்ற சுற்றை 2010இல் வந்த 9241-210 வகுத்துத் தந்தது. நடுவே இணையமும் திறன்பேசியும் வந்தன. விமானியிடமும் இயந்திரக்காரரிடமும் தொடங்கிய துறை, வாங்கும் பொத்தானை எந்த நிறத்தில் வைத்தால் விற்பனை கூடும் என்ற கவலைக்குக் குடிபெயர்ந்தது. இந்தத் தொழில் வட்டாரம் எழுந்ததும் ஏறக்குறைய அதே இருபது, முப்பது ஆண்டுகளில்தான்.

இயந்திரத்தின் முகம்

ஆலைத் திரைகளைப் பற்றிய அறிவு உலகில் இல்லாமலில்லை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்ததால், வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு சொன்னது வேறு: மூடும்படி ஆணை போயிருக்கிறது, அவ்வளவே. நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் அலறின. எது முதலில், எது முக்கியம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

அதுபோன்ற விபத்துகளிலிருந்து பிறந்த பாடங்கள் இன்று தரநூல்களாக இருக்கின்றன. ஓர் இயக்குநருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக்கூடாது என்ற அளவை 1999இல் வெளிவந்த இஇஎம்யுஏ 191 வழிகாட்டி சொன்னது. 2015இல் வந்த ஐஎஸ்ஏ-101, இயந்திரத் திரைகளை எப்படி வகுப்பது, பராமரிப்பது என்று பேசியது. அதையொட்டி வளர்ந்த நடைமுறை சாம்பல் பின்னணியை விரும்புகிறது. எல்லாம் சரியாக ஓடும்போது திரை மங்கலாகக் கிடக்க வேண்டும். நிறம் என்பது கூப்பிடும் குரல். ஏதாவது கெட்டால் மட்டும் அது எழ வேண்டும்.

ஆனால் கண்காட்சி அரங்கில் விற்பனைக்கு வைக்கப்படும் திரைகளைப் பாருங்கள். சுழலும் மோட்டார், பளபளக்கும் தொட்டி, பச்சையும் நீலமும் ஆரஞ்சும் கலந்த படங்கள். சாம்பல் திரையைப் பார்த்தால் கொள்முதல் அதிகாரிக்குக் கொடுத்த காசு கண்ணில் தெரியாது. எட்டு மணி நேரம் அதன் முன் நிற்கப்போகிறவர் அந்த அரங்கில் இல்லை.

அவர் அரங்குக்கு வராவிட்டாலும் தன் தீர்ப்பை எழுதிவிடுகிறார். இந்த வட்டாரத்தில் கொஞ்சம் பழைய இயந்திரங்களின் பக்கத்தில் போய் நின்றால் அது தெரியும். ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொல்லில் வரும் அலாரச் செய்தியின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரில் எழுதியிருக்கும்: ‘கதவை நல்லா மூடு, அப்புறம் பச்சை.’ இரண்டு பொத்தான் ஒரே நிறத்தில் இருந்தால் ஒன்றைச் சுற்றி சிவப்பு டேப். தொடவே கூடாத மெனுவின் மேல் ஓர் அட்டைத் துண்டு. ஷிப்டு முடித்துப் போகிறவர் அடுத்து வருபவருக்கு விட்டுச்செல்லும் குறிப்பு அது. ஆய்வு மொழியில் சொன்னால், பயனர் நேர்காணல், பிழைப் பகுப்பாய்வு, மறுவடிவமைப்பு மூன்றும் அந்த இரண்டு அங்குல டேப்பில் முடிந்துவிட்டன. தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முதலில் உரித்தெறியப்படுவதும் அதுதான். எங்கே டேப் இருக்கிறதோ அங்கே வடிவமைப்பு தோற்றிருக்கிறது. உரிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்தாலே பாதி ஆய்வு முடிந்த மாதிரி.

உறை மாட்டிய விரல் இன்னொரு பாடம். மின்னணு ஆலைகளில் நிலைமின் பாதிப்புக்குப் பயந்து கையுறையோ விரலுறையோ போடுகிறார்கள். நம் கைபேசித் திரைகள் தோலின் மின்பண்பை உணர்ந்து இயங்குபவை. சாதாரண உறை அதைத் தடுத்துவிடும். அழுத்தத்தை உணரும் பழைய வகைத் திரை பார்க்கப் பழசு, ஆனால் உறையோடு வேலை செய்யும். புதியது என்பதற்காக மாற்றினால், ஆள் ஒவ்வொரு முறையும் உறையைக் கழற்றி மாட்டுவார், அல்லது கழற்றியபடியே வேலை செய்வார். இரண்டாவதில் ஆபத்து பொருளுக்கு, சில இடங்களில் விரலுக்கு.

இங்கே தயாராகும் காரோடு ஒப்பிட்டால் வேடிக்கை புரியும். ஓட்டுநர் திரையைப் பார்க்க ஒருமுறைக்கு இரண்டு நொடிக்கு மேல் கண்ணை எடுக்கும்படி இருக்கக்கூடாது, ஒரு வேலைக்கு மொத்தம் பன்னிரண்டு நொடி என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013இலேயே வழிகாட்டுதல் தந்தது. எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் தள்ளிய மோகத்துக்கு ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் கடிவாளம் போடுகிறது: இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இருந்தால்தான் உயர்ந்த மதிப்பெண். காரை ஓட்டப்போகிறவரின் கண்ணுக்கு நொடிக்கணக்கு இருக்கிறது. காரைச் செய்கிறவரின் கண்ணுக்கும் அப்படிக் கணக்கிட்டால் பல திரைகள் தேறாது.

ஆலையின் சொந்த மரபு

ஆலைகளுக்கு இந்த அறிவு அந்நியம் என்று சொல்வதும் தவறு. இங்குள்ள எந்த லைன் தொழிலாளியும் ‘போகா-யோக்கே’ என்ற ஜப்பானியச் சொல்லை அறிவார். தவறாகப் பொருத்தவே முடியாதபடி பாகத்தையோ பிடிமானத்தையோ அமைத்துவிடுவது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1960களில் அதைப் பரப்பினார். முதலில் அதன் பெயர் ‘பாகா-யோக்கே’, அதாவது முட்டாளிடமிருந்து காப்பது. ஓர் ஆலையில் அந்த ஏற்பாட்டை விளக்கியபோது, நான் அவ்வளவு முட்டாளாகவா இருந்தேன் என்று ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார் என்றும், அதன் பின்னர்தான் தவறு தவிர்ப்பது என்று பொருள்படும் பெயரை வைத்தார் என்றும் ஷிங்கோவே எழுதியிருக்கிறார். பயனர் அனுபவத்தின் பாதி அந்தப் பெயர் மாற்றத்தில் அடங்கிவிடுகிறது. பொருளைத் திருத்தினால் போதாது, திருத்தும்போது யாரைக் குற்றம் சொல்கிறோம் என்பதும் வடிவமைப்புதான்.

லைனுக்கு மேலே தொங்கும் ஆன்டான் பலகையும் அப்படித்தான். கோளாறு என்றால் கயிறை இழு, விளக்கு எரியும், உதவிக்கு ஆள் வரும். படிக்கத் தேவையில்லை, தமிழ் ஒடியா இந்தி பேதமில்லை. மஞ்சள் வட்டத்தில் சிவப்புக் காளான் போலத் துருத்தி நிற்கும் அவசர நிறுத்தப் பொத்தானும் அந்த இனம். புதிதாக வந்த பயிற்சியாளரும் முதல் நாளே அதை அடிக்கத் தெரிந்துகொள்கிறார். ஆக, இயந்திரத்தின் உடம்பில் இவ்வளவு கவனம் காட்டிய மரபு, அந்த இயந்திரத்துக்குத் திரை வந்ததும் எங்கே போனது? உடம்பை வடிவமைத்தவர் லைனுக்குப் பக்கத்தில் இருந்தார். திரையை எழுதியவர் வேறு ஊரில், சில சமயம் வேறு கண்டத்தில் இருக்கிறார்.

பெயர் என்ற கட்டம்

கேட்டுக்கு வெளியே வருவோம். கைபேசியை உள்ளே விடாத ஆலைகள் பல. லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனவே தொழிலாளிக்கென்று செய்யப்பட்ட செயலிகள் எல்லாம் கம்பெனி பஸ்ஸிலும் ஹாஸ்டல் கட்டிலிலும் டீக்கடை பெஞ்சிலும்தான் திறக்கின்றன. அலுவலகத்தில், வைஃபையில், நல்ல வெளிச்சத்தில் சோதித்த செயலி, காலை ஐந்து மணிக்கு ஆடும் பஸ்ஸில், பாதித் தூக்கத்தில், கீறல் விழுந்த திரையில் சோதிக்கப்படுகிறது.

இதில் மிகுந்த துன்பம் தருவது வைப்பு நிதி. 2014இல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் 12 இலக்க நிலையான எண் வந்தது பெரிய முன்னேற்றம். கம்பெனி மாறினாலும், காண்ட்ராக்டர் மாறினாலும் எண் ஒன்றே. ஆனால் பணம் எடுக்கும்போது ஆதாரும் வைப்பு நிதிக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். இங்கேதான் தமிழ்ப் பெயர் முட்டிக்கொள்கிறது.

ஓர் உதாரணத்துக்கு, செல்வி என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். அப்பா பெயர் கண்ணன். பள்ளிச் சான்றிதழில் ‘க. செல்வி’. ஆங்கிலத்தில் எழுதியபோது இனிஷியல் பின்னால் போய் ஆதாரில் ‘செல்வி கே’. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் படிவத்தில் ஒருவர் ‘செல்வி’, ‘கண்ணன்’ என்று பிரித்துப் போட்டார். இன்னொருவர் புள்ளியை விட்டார், மற்றொருவர் இடைவெளியை விட்டார். மனிதக் கண்ணுக்கு இது ஒரே செல்வி. கணினிக்கு நான்கு பேர். அதற்கு மேல், திருமணமானால் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறும். மின்னணு ஆலைகளில் வேலை செய்யும் இளம்பெண்கள் பலர் வேலையை விடுவதும் திருமணத்தை ஒட்டித்தான். வைப்பு நிதியை எடுக்க வருவதும் அப்போதுதான். பணம் தேவைப்படும் அதே வாரத்தில் பெயர் மாறுகிறது. இந்த நேரப் பொருத்தத்தை எந்தப் படிவமும் எதிர்பார்க்கவில்லை.

இதற்குள் ஒரு வரலாறும் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வழியாகப் போனால் வருவது செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கேதான் முதல் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் கடைசிப் பெயர் என்ற ஒன்று இல்லாமல் போனதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்குண்டு. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரு படிவம் சிவப்பு எழுத்தில் சொல்கிறது: கடைசிப் பெயர் கட்டாயம். சமூகம் யோசித்து எடுத்த முடிவை ஒரு கட்டம் பிழை என்கிறது. ஒரே ஒரு நீளமான கட்டம், ‘ஆதாரில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

2025 ஜனவரியில், ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட உறுப்பினர்கள் பெயர், பிறந்த நாள் போன்றவற்றை நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தாங்களே திருத்தலாம் என்று வைப்பு நிதி அமைப்பு எளிமைப்படுத்தியது. நல்ல வடிவமைப்பு முடிவு என்றால் இதுதான். பொத்தானின் நிறத்தை மாற்றவில்லை, நடுவில் நின்ற ஓர் ஆளை விலக்கியது. மூடிப்போன காண்ட்ராக்ட் கம்பெனியைத் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2017 அக்டோபருக்கு முந்தைய எண்களுக்கு இந்தச் சலுகை முழுமையாக எட்டவில்லை. ஓடிபி சிக்கலும் தீரவில்லை: ஆதாரில் பழைய சிம் எண், அந்த சிம் இப்போது இல்லை, ஓடிபி யாருக்கோ போகிறது. எனவே ஜெராக்ஸ் கடைகளும் கம்ப்யூட்டர் சென்டர்களும் செழிக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர் காசு வாங்கிக்கொண்டு, கடவுச்சொல்லையும் தெரிந்துகொண்டு, வேலையை முடித்துத் தருகிறார். இந்த வட்டாரத்தின் உண்மையான பயனர் இடைமுகம் அவர்தான். எந்த ஆய்வும் அவரிடமிருந்து தொடங்கினால் வழி தவறாது.

எந்தத் தமிழ்?

தமிழில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. முதலில், போடுவதே சிரமம். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது, தமிழ்99 விசைப்பலகைக்கு 1999இல் அரசு ஏற்பு கிடைத்தது. ஆனால் ஆலைக் கருவிகள் பலவற்றில் எழுத்தைக் கோத்துக் காட்டும் மென்பொருள் இல்லை. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அந்தக் கருவிகளில் கொம்பு தனியே, கால் தனியே, நடுவில் ஒரு புள்ளி வட்டம். இன்னொன்று, நீளம். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கும் பொத்தான் தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ ஆகும்போது கடைசி இரண்டெழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும். ‘அனுப்பு’ என்றால் அடங்கும், புரியவும் செய்யும்.

அடுத்ததுதான் பெரியது. லைனில் யாரும் ‘மீட்டமை’ என்று சொல்வதில்லை, ‘ரிசெட் அடி’ என்கிறார்கள். ‘உணரி செயலிழந்தது’ என்பதை யாரும் பேசுவதில்லை, ‘சென்சார் அடிக்கலை’. அகராதித் தமிழைத் திரையில் ஏற்றினால் ஆங்கிலத்தோடு இன்னொரு அந்நிய மொழி சேரும், அவ்வளவுதான். டேப்பில் எழுதியவரின் தமிழ்தான் திரைக்கு வேண்டிய தமிழ். சொல் பட்டியல் ஒன்றைத் தொகுக்க வேண்டுமானால் லைனில் இரண்டு வாரம் காது கொடுத்தால் போதும்.

தமிழோடும் முடியவில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒரே லைனில் மூன்று மொழி. மைக்ரோசாஃப்டின் பெங்களூர் ஆய்வகத்தில் இந்திராணி மேதி 2000களின் நடுவில் வீட்டுவேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து, எழுத்தே இல்லாத வேலை தேடும் திரைகளைச் செய்து பார்த்தார். கையால் வரைந்த எளிய படமும் பேச்சுக் குரலும் உதவின. எழுத்து மட்டுமே தடையில்லை, மெனுவுக்குள் மெனு என்று அடுக்குவதே பழகாதவர்களைக் குழப்புகிறது என்பது அந்த ஆய்வு வரிசையில் கிடைத்த இன்னொரு பாடம். ஸ்ரீபெரும்புதூர் தொழிலாளிகளில் பெரும்பாலோர் பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமா படித்தவர்கள். படிப்பறிவில்லாதவர்களுக்கான தீர்வு இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் அடுக்கைக் குறை, படத்தையும் குரலையும் சேர் என்ற பாடம் பொருந்தும்.

‘நல்லாருக்கு சார்’

ஆய்வு செய்யலாம் என்று முடிவெடுத்தாலும் எப்படிச் செய்வது? ஜேக்கப் நீல்சன் பரப்பிய புகழ்பெற்ற விதி, ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்கிறது. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் கண்டுபிடிப்பார் என்ற கணக்கின் மேல் நிற்கும் விதி அது. ஐந்து பேரும் ஒரே மாதிரிப் பயனர்கள் என்பதும் அதன் அடியில் இருக்கிறது. இங்கே நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட், அப்ரண்டிஸ், டிரெய்னி, வெளிமாநிலத்தவர் என்று ஒரே சட்டைக்குள் ஐந்து உலகம். அலுவலகம் தேர்ந்து அனுப்பும் ஐந்து பேர் பெரும்பாலும் நிரந்தரத்திலிருந்து வருவார்கள். திரையோடு அதிகம் தடுமாறுபவர் நேற்றுச் சேர்ந்த காண்ட்ராக்ட் ஆள்.

பேச வைப்பது அதைவிடக் கடினம். 2012இல் நிக்கோலா டெல்லும் சக ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். கேட்பவரே செய்தது என்று தெரிந்ததைத் தேர்ந்தவர்கள் இரண்டரை மடங்கு. கேட்பவர் வெளிநாட்டவராகவும் கூடவே மொழிபெயர்ப்பாளரும் இருந்தால் ஐந்து மடங்கு. இரண்டும் ஒரே பொருளாக இருந்தபோதும் இந்தச் சாய்வு இருந்தது. விருந்தாளியிடம் சாம்பார் உப்பு என்று யார் சொல்வார்கள்? சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒருவர் வந்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால், பதில் ‘நல்லாருக்கு சார்’ என்பதைத் தவிர வேறென்ன வரும்?

எனவே இங்கே கேட்பதைவிடப் பார்ப்பது மேல். கை எங்கே தயங்குகிறது, எந்தப் பொத்தானை இரண்டு முறை அடிக்கிறார், யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும். ‘உங்களுக்குக் கஷ்டமா?’ என்பதற்குப் பதில் ‘புதுசா வர்ற பையனுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?’ என்று கேட்டால் எல்லாக் குறையும் வெளியே வரும், மானமும் போகாது. இரவு ஷிப்டின் மூன்று மணியில் போய்ப் பார்க்க வேண்டும். பகல் பத்து மணிக்குப் பார்த்த திரை வேறு. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையருகே மேலக்கோட்டையூரில், வடிவமைப்பையும் உற்பத்தியையும் பெயரிலேயே வைத்திருக்கும் மத்திய அரசின் கல்வி நிறுவனம் ஒன்று 2007 முதல் இயங்குகிறது. பாடமும் பட்டறையும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அபூர்வம்.

யார் பேசுவது?

முறைகளைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அடியில் அதிகாரம் என்ற கேள்வி இருக்கிறது. அதை நேராகப் பார்த்தவர்கள் ஸ்காண்டிநேவியர்கள். 1970களின் தொடக்கத்தில் நார்வேயில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், கணினி அறிஞர் கிறிஸ்டன் நீகோர் உதவியோடு, ஆலைக்குள் வரும் கணினிகளைப் பற்றித் தன் உறுப்பினர்களே படித்துக் கருத்துச் சொல்லும் திட்டத்தை நடத்தியது. 1980களில் அச்சுத் தொழிலாளர்களோடு நடந்த உட்டோப்பியா திட்டத்தில், இன்னும் செய்யப்படாத இயந்திரத்துக்குப் பதில் அட்டைப்பெட்டியை வைத்து வேலை செய்வதுபோல நடித்துப் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொன்னார்கள். பயனரும் சேர்ந்து வடிவமைப்பது என்ற இன்றைய முறைக்கு மூலம் அங்கே. இன்று மாநாடுகளில் வண்ணக் காகிதம் ஒட்டும் விளையாட்டாக அது சுருங்கிவிட்டாலும், தொடங்கியபோது அதற்குப் பின்னால் சங்கமும் ஒப்பந்தமும் இருந்தன. வேண்டாம் என்று சொல்பவர் வேலை இழக்க மாட்டார் என்ற உறுதி இருந்தது.

இந்த வட்டாரத்தில் அந்த உறுதி எவ்வளவு? 2021 டிசம்பரில் ஹாஸ்டல் உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளிகள் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்ற நம்பகமான செய்தி வராதபோது கைபேசி வழி வதந்தி ஓடியது; பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இதன் வேர் உணவிலும் தங்குமிடத்திலும் இருந்தது என்றாலும், கேட்டால் பதில் வரும் ஒரு வழி இல்லாததும் அதன் பகுதி. எழுதிப் போட்டால் என்ன ஆனது என்று தெரியாத புகார்ப் பெட்டி, மரத்தில் செய்தாலும் செயலியில் செய்தாலும் ஒன்றுதான். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, செப்டம்பர் 9 அன்று, சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சங்கத்தை ஏற்பது அதில் மையக் கோரிக்கை. தங்களுக்காக யார் பேசுவது என்று முடிவாகாத இடத்தில், திரையைப் பற்றி யார் பேசுவது என்ற கேள்வி தனியாக முடிவாகாது.

வழுவழுப்பாக இயங்குவதெல்லாம் தொழிலாளிக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது. ஒரு நொடியில் முகத்தைப் படிக்கும் வருகைக் கருவி, ரேகை தேய்ந்த விரலோடு நின்றவருக்கு நிச்சயம் நிம்மதி. அதே கருவி கழிப்பறைக்குப் போன நிமிடங்களையும் எண்ணத் தொடங்கினால், அது யாருக்கான பயனர் அனுபவம்? 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்புத் தரச் சொல்கிறது. தமிழும் ஒடியாவும் அசாமியும் அதில் உண்டு. ஆனால் வேலை தொடர்பான சில தேவைகளுக்கு ஒப்புதலே இல்லாமல் தகவலைக் கையாளவும் அதே சட்டம் இடம் விடுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், எண்ம வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பில் சிமிட்ட முடியாத அமில வீச்சுப் பாதிப்பாளர்கள் தொடுத்த வழக்கு அது. திரை ஒருவரைத் தள்ளிவிட்டால் அது உரிமைப் பிரச்சினை என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, ஆலைக் கேட்டில் அந்தக் கேள்வி எழ அதிக நாளாகாது.

மிஞ்சுவது

இவ்வளவையும் தொகுத்தால், இந்த வட்டாரத்தில் குறைவது அறிவு இல்லை. தரநூல்கள் இருக்கின்றன, ஆய்வு முறைகள் இருக்கின்றன, ஆலைக்குள்ளேயே போகா-யோக்கே மரபு இருக்கிறது. குறைவது, தொடுபவரின் தீர்ப்பு வாங்குபவரின் கையெழுத்துக்கு முன்னால் போய்ச்சேரும் வழி. அதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. இயந்திரமோ மென்பொருளோ வாங்கும் முன், அதைத் தொடப்போகிற ஐந்தாறு பேர், ஒவ்வொரு வகையிலும் ஒருவராவது, உறை மாட்டிய கையோடு, அரை நாள் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் தடுமாறிய இடங்கள் கொள்முதல் கோப்பில் சேர வேண்டும். விலைப்புள்ளியும் தொழில்நுட்ப விவரமும் இருக்கும் அந்தக் கோப்பில் இன்றைக்கு இந்த ஒரு தாள்தான் இல்லை.

அந்தத் தாளில் என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பைப் பார்க்கலாம். தணிக்கைக்காரர் வருவதற்குள் போனால் படிக்கக் கிடைக்கும்.